முழுவதும் உண்மை என்று அட்டை போட்ட புத்தகம்

கவிதைக்கு வாசகன் இல்லைன்னு போன மாசக் கூட்டத்துல ஆளாளுக்கு எந்திரிச்சு அழுதீங்களே, நான் கடைசி வரிசையில இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு தங்கச்சி சொன்னிச்சு, "மனசைத் தோலுரிச்சுக் காட்டுறோம், போட்ட புத்தகத்துல பாதி கட்டிலுக்கடியில கெடக்கு"ன்னு. எல்லாரும் உச்சுக் கொட்டினீங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கெழவனுக்குக் காது மந்தம், அதான் எடம் தெரியாமச் சிரிக்கிறான்னு நெனச்சிருப்பீங்க. காது நல்லாத்தான் கேக்குது.

வெளிய வந்து தேத்தண்ணி குடிக்கிறப்ப, "ஐயா, அந்தக் காலத்து அனுபவம் ஒன்னை எழுதிக் குடுங்க, புதுசாப் பதிப்புத் தொழிலுக்கு வந்திருக்கிற எங்களுக்கு உற்சாகமா இருக்கும்"னு கேட்டீங்க. உற்சாகம் வேணும்னா வேற ஆளைப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சது இதுதான். பிடிச்சாப் போடுங்க, இல்லாட்டி வடை சுத்துங்க.

அம்பதுகள்ல நான் ஹட்டன்ல ஒரு சின்ன அச்சகத்துல அச்சுக் கோத்துக்கிட்டு இருந்தேன். முதலாளி, நான், மிஷின் மிதிக்கிற ஒரு ஆளு, அவ்வளவுதான் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸ், சங்கத்துத் துண்டுப் பிரசுரம், இதெல்லாம் வரும். ஆனா அடுப்பு எரிஞ்சது கொலைச்சிந்துலதான். எங்கயாவது ஒருத்தன் கொழுந்தியாளை வெட்டிட்டான்னா, அதைப் பாட்டாக் கட்டி, நாலு தாள்ல அடிச்சு, சம்பளம் போட்ட ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாண்டுல ராகம் போட்டுப் பாடி விப்பாங்க. அட்டையில பெரிய எழுத்துல "முழுவதும் உண்மை"ன்னு இருக்கணும். அது இல்லாட்டி சனம் தொடாது. வெட்டே நடக்காத வருசமும் உண்டு. அதுக்காக அடுப்பை அணைக்க முடியுமா? அப்ப முதலாளியே ஒருத்தியைக் கொன்னுடுவாரு. ஒரு தடவை கினிகத்தேனையில நடந்ததா ஒரு கொலையை அடிச்சுட்டோம். அந்த ஊர்க்காரன் ஒருத்தன் வந்து, "எங்க ஊர்ல யாருங்க அப்படிச் செத்தது?"ன்னு கேக்குறான். முதலாளி தலையத் தூக்காமச் சொன்னாரு, "ஒனக்குத் தெரியாம எம்புட்டோ நடக்குது தம்பி."

அவருக்கிட்டதான் நான் தொழில் படிச்சேன். மனுசன் ஒரு சொல்லைப் பாத்தாலே அது விக்குமா விக்காதான்னு சொல்லிடுவாரு. கெட்டவரு இல்ல.

அந்த அச்சகத்துக்குத்தான் கறுப்பையா வந்தான். வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்துல ஸ்டோர்ல வேலை. ஸ்டோர்னா தேயிலை அரைக்கிற எடம். மேல்மாடியில கொழுந்து வாடப் போடுறவன். தோட்டப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் படிச்சவன். தேயிலைப் பெட்டிக்குள்ள விரிக்கிற தாள்ல பென்சிலால எழுதி, சுருட்டி, கோட்டுப் பைக்குள்ள வச்சுக்கிட்டு வந்தான்.

"அண்ணே, இதைப் புத்தகமா அடிக்கணும்."

வாங்கிப் பாத்தேன். எதுகையும் இல்ல, மோனையும் இல்ல. பாட்டு மாதிரி மடிச்சு மடிச்சு எழுதியிருக்கு, ஆனா பாட வராது.

"என்னப்பா இது, சிந்தா, கும்மியா?"

"ஒன்னும் இல்லண்ணே. நடந்தது."

வேலை வாங்குற கணக்கப்புள்ளைக்கு முன்னால நடுங்கினது, கூடவேலை செய்றவனைக் காட்டிக் குடுத்தது, அப்பன் செத்தப்ப அழுகை வராம எச்சியத் தொட்டுக் கண்ணுல வச்சது, இப்படித்தான் எல்லாம். இன்னிக்கு நீங்க ஒரு பேரு வச்சு எழுதுறீங்களே, தன்னைத்தானே கூண்டுல ஏத்துறது, அதை அவன் யாரும் சொல்லிக் குடுக்காமச் செஞ்சிருந்தான். நடுவுல இது இருந்துச்சு:

பொதைச்சிட்டு வந்தோம்.
எல்லாரும் கைகால் கழுவினோம்.
அடுப்பு மேல ரொட்டி இருந்துச்சு.
அவளுக்குன்னு வச்சது.
யாரும் பாக்கல.
தின்னேன்.
பசியில ருசியா இருந்துச்சு.

நின்னபடி வாசிச்ச நான் திருப்பி ஒரு தடவை வாசிச்சேன். மூணு வயசுப் பொண்ணு ஒன்னு காய்ச்சல்ல போயிட்டதா அவன் பேச்சோட பேச்சாச் சொல்லியிருந்தான். எனக்கு அழுகையும் வந்துச்சு, அவனை ஒரு அறை விடலாம்னும் வந்துச்சு.

"இது நெசமா?"

"நெசந்தாண்ணே."

"பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"அவளுக்கு வாசிக்கத் தெரியாதுண்ணே. அதனாலதான் எழுதவே முடிஞ்சுது."

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. ஒலகத்துக்கெல்லாம் மனசைத் திறக்குறேன்னு சொல்றவன், ஒரே ஒரு ஆளு காதுல மட்டும் அது விழாதுங்கிற தைரியத்துலதான் திறக்கிறான். நீங்களும் அப்படித்தான். இல்லன்னு சொல்றவன் நேர்ல வந்து சொல்லுங்க.

அந்த ரொட்டிக் கவிதைக்கு முந்தினது இது:

எனக்கு ரெண்டு பொண்டாட்டி.
ஒருத்தி பக்கத்துல படுத்திருக்கா.
இன்னொருத்தி கடலுக்கு அந்தாண்டை
வெளக்கை அணைக்காம இருக்கா.
ரெண்டு பேருக்கும்
ஒருத்தன்கூட இல்ல.

அதையும் கேட்டேன். அதுவும் நெசம். பதினெட்டு வயசுல அப்பனோட இந்தியாவுக்குப் போயிருக்கான். மாமன் மகளைக் கட்டி வச்சிருக்காங்க. திரும்பி வந்து கூப்பிட்டுக்கிறேன்னு கப்பல் ஏறியிருக்கான். உலகச் சண்டை வந்துச்சு, போக்குவரத்து நின்னுச்சு, சண்டை முடிஞ்சும் அவன் போகல. இங்க செவனம்மாவைக் கட்டிக்கிட்டான். அந்தப் பொண்ணு இருக்காளா செத்தாளான்னுகூட அவனுக்குத் தெரியாது. செவனம்மாவுக்கு அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது.

முதலாளி எல்லாத்தையும் வாசிச்சாரு. வெத்திலையத் துப்பிட்டு வந்தாரு. "இதை எந்தப் பய வாங்குவான்?"னாரு. ஆனா வேணாம்னு சொல்லல. யோசிச்சு யோசிச்சு, அட்டையில கொலைச்சிந்துக்குப் போடுற அதே அச்சுக் கட்டையை எடுத்து வச்சாரு: முழுவதும் உண்மை. கறுப்பையாவுக்கு மொகம் பூத்துப் போச்சு. "அதைத்தான் மொதலாளி நானும் கேக்கலாம்னு இருந்தேன்"னான். அவர் கொலைச்சிந்துக்குப் பழகின கையால வச்சாரு, அவன் நெஞ்சுல கைவச்சு ஏத்துக்கிட்டான். மூணு பேருக்கும் அன்னிக்கு ஒரே சந்தோசம்.

வாசகனைத் தேடின கதை கேக்கணுமா? கேளுங்க.

சிந்து பாடுற ஆளு புத்தகத்தைப் புரட்டிட்டு, "ராகம் எங்கப்பா?"ன்னு கேட்டான். சரி பாத்துக்கலாம்னு கும்மி மெட்டுல ரொட்டிக் கவிதையை எடுத்து விட்டான் பாருங்க, கைதட்டிக்கிட்டு, "தின்னேன், தின்னேன்"னு ரெண்டு தரம் திருப்பி வேற. கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. கறுப்பையா அந்தக் கூட்டத்துலதான் நின்னான். மறு சம்பள ஞாயிறு, நானே படிக்கிறேன்னு அவனே ஏறி நின்னான். ராகம் இல்லாம, தலையத் தூக்காம, மெதுவா வாசிச்சான். ஒருத்தன் கேட்டான், "இதுல யாரு யாரை வெட்டினது?" கூடையோட போன ஒரு அம்மா, ஏதோ கஷ்டத்தைச் சொல்லிப் பிச்சை கேக்குறான்னு நெனச்சு அவன் கையில சில்லறை வச்சிட்டுப் போச்சு.

படிச்சவங்ககிட்டயும் போனோம். ஹட்டன்ல ஒரு யாழ்ப்பாணத்து வாத்தியார், தமிழ்னா உசிரு. ரெண்டு பக்கம் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தாரு. "உது கவிதையோ? ஒரு வரியிலையும் இலக்கணம் இல்லை. எழுதினவர் என்ன படிச்சவர்?" அவரைக் கோவிக்கல. அவருக்கு அது கவிதையா தெரியல, எங்க சனத்துக்கு அது பாட்டா தெரியல. ரெண்டுக்கும் நடுவுல கட்டுக் கட்டா அச்சகத்து மூலையில கெடந்துச்சு.

ஒரே ஒரு ஆளு மட்டும் அதைக் காசு குடுத்து வாங்கி, தபால் செலவு பண்ணி, இன்னொரு ஆளுக்கு அனுப்பினான். யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கணக்கப்புள்ளையைப் பத்தி எழுதின கவிதை யாருக்கோ எரிஞ்சிருக்கலாம். மொட்டைப் பெட்டிசம் ஒன்னையும் சேர்த்து, பிரஜாவுரிமை விசாரிக்கிற கவர்மெண்டு கந்தோருக்கு அனுப்பிட்டான்.

உங்கள்ல பாதிப்பேருக்கு அந்தக் காலம் தெரியாது, அதனால சொல்றேன். இலங்கைக்குச் சுதந்திரம் வந்துச்சு, இந்திய வம்சம்னு தோட்டத்துச் சனம் நாங்க நாடில்லாதவங்க ஆனோம். இங்கயே பொறந்து வளர்ந்தவனும் மனு எழுதிப் போட்டு, நான் இங்கேயே விடாம இருந்தவன், பொண்டாட்டி புள்ளைங்களும் இங்கதான் இருக்காங்க, எனக்கு அங்க ஒன்னும் கெடையாதுன்னு காட்டணும். எனக்குக் கெடைச்சிருந்துச்சு. ஏன் கெடைச்சுதுன்னு எனக்கே தெரியாது. கறுப்பையாவோட மனு வருசக்கணக்காத் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. அதுல பொண்டாட்டி ஒருத்தின்னுதான் எழுதியிருந்தான். கெடைச்சா அவனுக்கும் செவனம்மாவுக்கும் ரெண்டு பயலுகளுக்கும் ஒரு நாடு. கெடைக்காட்டி எப்ப வேணும்னாலும் மூட்டையக் கட்டச் சொல்லலாம்.

விசாரணைக்கு வரச் சொல்லிக் கடுதாசி வந்துச்சு. அவனுக்கு மட்டுமில்ல, புத்தகம் அடிச்ச அச்சகத்துல இருந்து ஒருத்தர் வரணும்னு எங்களுக்கும். கறுப்பையா ஓடி வந்தான். மூச்சு வாங்குது. முதலாளி கடுதாசியை ரெண்டு தரம் வாசிச்சாரு. அவரு பதறி நான் பாத்ததில்ல. அன்னிக்கும் பதறல.

"புத்தகம் பூராவும் கற்பனைன்னு சொல்லு. ஒன்னுகூட விடாத. ஒன்னை நெசம்னு ஒத்துக்கிட்டேன்னா அந்தப் பொண்ணும் நெசமாயிடுவா. அட்டையில போட்டது விக்கிறதுக்காகப் போட்டதுன்னு அச்சுக் கோத்த இவன் வந்து சொல்லுவான்."

கறுப்பையா காகிதக் கட்டு மேல உக்காந்துட்டான்.

"ரொட்டியையுமா மொதலாளி?"

"ரொட்டியையும்தான்."

"புள்ள செத்தது தோட்டத்துப் பதிவுல இருக்குமே."

"செத்தது நெசம், எழுதினது கற்பனைன்னு சொல்லு. புலவன் எழுதுறதெல்லாம் சத்தியப் பிரமாணமா? ரெண்டு பயலுக இருக்கானுங்கல்ல, அவனுங்களை நெனச்சுக்க."

காகிதக் கட்டை விட்டு எந்திரிச்சு, சரின்னான். அந்த "சரி" அவனுக்கு எப்படி இருந்திருக்கும்னு உங்கள்ல எழுதுறவங்களுக்குத் தெரியும். அவன்கிட்ட இருந்த ஒரே பெருமை, ஒரு வரியும் பொய் இல்லங்கிறது. அதையே போய் நூறு தரம் பொய்னு சொல்லணும்.

நுவரெலியாவுக்குப் போற பஸ்ஸுல செவனம்மா முன் சீட்டுல, நானும் அவனும் பின்னால. மெதுவாக் கேட்டேன், "அவங்களுக்கு என்ன சொல்லி வச்சிருக்க?"

"எதைக் கேட்டாலும் ஒன்னும் தெரியாதுன்னு சொல்லச் சொல்லியிருக்கேன்."

"ரொட்டியைப் பத்தி?"

"அதைச் சொல்லணும்னா நான் தின்னதைச் சொல்லணுமேண்ணே."

அதுக்கு மேல நான் பேசல. பேசியிருக்கணும்னு நீங்க சொல்லலாம். ஒருத்தன் தன் பொண்டாட்டிகிட்ட சொல்ல முடியாததை நான் எந்த வாயால சொல்றது?

விசாரிச்ச அதிகாரி வெள்ளைக்காரன் மாதிரி சட்டை போட்ட சிங்களவர், நல்ல மனுசன், குரல் ஒசத்தாதவர். இங்கிலீஷ்ல கேப்பாரு. பக்கத்துல மொழிபெயர்க்கிறவர், வயசான யாழ்ப்பாணத்துக்காரர், கறுப்புக் கோட்டு. மேசை மேல எங்க புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சில் கோடு, ஓரத்துல குறிப்பு, திருப்பித் திருப்பி ஓரம் நைஞ்சு போயிருக்கு. பாத்த ஒடனே எனக்கு வயித்தெரிச்சல்தான் வந்துச்சு. இப்படி ஒரு வாசிப்புக்குத்தானடா பஸ் ஸ்டாண்டுல நின்னோம்!

என்னைத்தான் முதல்ல கேட்டாங்க. அட்டையில இப்படிப் போட்டிருக்கே, என்ன அர்த்தம்? "விக்கிறதுக்காகப் போடுறதுங்க. கொலைச்சிந்துக்கும் அதே கட்டைதான்"னேன். ரெண்டு சிந்து கையோட கொண்டு போயிருந்தேன், எடுத்து வச்சேன். மொழிபெயர்க்கிறவர் சொன்னதும் அதிகாரி சிரிச்சிட்டாரு. "அப்ப உங்கட அச்சகம் பொய்தான் அச்சடிக்கிறதோ எண்டு கேக்கிறார்." "ஆமாங்க"ன்னேன். என்னை ஓரத்து வாங்குப் பலகையில உக்காரச் சொல்லிட்டாங்க. சரி, தப்பிச்சோம்னு நெனச்சேன்.

அடுத்து கறுப்பையா. மொழிபெயர்க்கிற பெரியவர் ஒவ்வொரு கவிதையா முதல்ல தமிழ்ல வாசிச்சாரு. என்ன வாசிப்புங்கிறீங்க! ஒரு சொல்லையும் முழுங்கல, எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தினாரு. இலக்கணம் தேடல. அவன் எழுதினது அப்படித்தான் கேக்கணும். முதல் தடவையா அது கவிதையாக் கேட்டுச்சு. ஒவ்வொன்னு முடிஞ்சதும் அவன் சொன்னான், "கற்பனைங்க." அடுத்தது. "கற்பனைங்க." ரெண்டு பொண்டாட்டிக் கவிதைக்கும் கண்ணை எமைக்காமச் சொன்னான், "கற்பனைங்க." ரொட்டிக்கு வந்ததும் பெரியவர் வாசிச்சிட்டுக் கண்ணாடியைக் கழட்டிட்டாரு.

"இதுவும் கற்பனையோ?"

"புள்ள செத்தது நெசங்க. ரொட்டி கற்பனைங்க."

அதிகாரி கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டினாரு. அப்புறம் பெரியவர் மூலமாச் சொன்னாரு: இந்தியாவுல நடந்ததை இங்க இருந்து பாக்க முடியாது. ஆனா ரொட்டி நடந்தது இவங்க குடியிருக்கிற லயத்துல. வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சிருக்கும். இது கற்பனைன்னா எல்லாம் கற்பனைன்னு எடுத்துக்கலாம். கூப்பிடுங்க.

ஒரு குடும்பத்தோட நாடு ஒரு ரொட்டியில வந்து நின்னுச்சு.

செவனம்மா உள்ள வந்து சீலைத் தலைப்பை இழுத்துப் போத்திக்கிட்டு நின்னாங்க. பெரியவர் வாசிச்சாரு. அவங்க தலையக் குனிஞ்சு கேட்டாங்க. முடிஞ்சதும் நிமிந்து, "இன்னொருக்கா வாசிங்க சாமி"ன்னாங்க. பெரியவர் அதிகாரியைப் பாத்தாரு, அவர் தலையசைச்சாரு. இன்னொரு தடவை வாசிச்சாரு. கறுப்பையா சுவரைப் பாத்துக்கிட்டு நின்னான். ஒன்னும் தெரியாதுன்னு சொல்லு தாயே, ஒன்னும் தெரியாதுன்னு மட்டும் சொல்லிடுன்னு நான் மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

"அந்த ரொட்டியைச் சுட்டது நாந்தாங்க"ன்னாங்க.

அதிகாரி பெரியவரைப் பாத்தாரு, செவனம்மா நிறுத்தல.

"காய்ச்சக்காரப் புள்ள, ஒரு வாய் திங்காதான்னு விடியக்காலையில சுட்டு வச்சேன். அதுக்கப்புறம்தான் அவ மூச்சு நின்னுச்சு. பொதைச்சிட்டு வந்து பாத்தா ரொட்டியக் காணல. அடுத்த காம்பரா வீட்டுக்காரங்க நாய்தான் தூக்கிருச்சுன்னு இருந்தேன். இந்நாள் வரைக்கும் அந்த நாயைக் கல்லால அடிச்சுக்கிட்டு இருக்கேன் சாமி."

அதிகாரி என்னன்னு கேட்டாரு. பெரியவர் கண்ணாடியைத் தொடைச்சாரு. கொஞ்சம் மாத்திச் சொல்லியிருந்தா யாருக்குத் தெரியும்? எங்க யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனா அவர் மாத்தல. அவங்க சொன்னதை அப்படியே சொல்லிட்டாருன்னு அதிகாரி பென்சிலைக் கீழ வச்சதுலயே தெரிஞ்சுது. அவர் தொழில் அது. அவர் மேல எனக்குக் கோவமும் உண்டு, மரியாதையும் உண்டு. ரெண்டும் இன்னும் தீரல.

வெளிய வந்ததும் கறுப்பையா பாஞ்சான். "ஒன்னும் தெரியாதுன்னு சொல்லச் சொன்னேன்ல?"

செவனம்மா நின்னு அவன் மூஞ்சியப் பாத்தாங்க. "என்னத்தைத் தெரியாதுன்னு சொல்லணும்னு சொன்னீங்களா? நீங்க எங்கிட்ட சொல்லியிருந்தா எம்புள்ளைங்களுக்காக நான் எந்தப் பொய்யையும் சொல்லியிருப்பேன். ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்கு மட்டும் சொல்லல."

அவங்க திரும்பிப் பாக்காம பஸ்ஸுக்கு நடந்தாங்க.

மனு தள்ளுபடின்னு சில மாசத்துல கடுதாசி வந்துச்சு. காரணம், இந்தியாவுல இருக்கிற மனைவியை மறைச்சது. அப்புறம் ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டப்ப, வேற வழி இல்லாம இந்தியாவுக்குப் போறதுக்கு எழுதிக் குடுத்தாங்க. செவனம்மா அந்த மண்ணை ஒரு நாளும் மிதிச்சவங்க இல்ல.

ஆனா அதெல்லாம் பிறகு. தள்ளுபடியான சேதி தோட்டம் தோட்டமாப் பரவினதும் என்ன நடந்துச்சு தெரியுமா? சனம் புத்தகத்தைத் தேடி வந்துச்சு. "அந்த ரெண்டு பொண்டாட்டிக்காரன் புத்தகம் இருக்கா?" "பொண்டாட்டி காட்டிக் குடுத்தாளே, அந்தப் புத்தகம்?" மூலையில கெடந்த கட்டெல்லாம் காலியாச்சு. இலக்கணம் இல்லைன்னு திருப்பிக் குடுத்த வாத்தியாரும் ஆள் விட்டு ஒன்னு வாங்கினாரு. எழுத்துத் தெரிஞ்சவன் ஒருத்தன் லயத்துல உக்காந்து வாசிக்க, மத்தவங்க சுத்தி உக்காந்து கேக்குறாங்களாம். இப்ப யாரும் சிரிக்கல. யாரு யாரை வெட்டினதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

கறுப்பையா வந்தான். இளைச்சுப் போயிருந்தான். ஆனா கண்ணுல ஒரு வெளிச்சம். "அண்ணே, இப்ப வாசிக்கிறாங்கண்ணே"ன்னான். காறித் துப்பலாம்னு இருந்துச்சு எனக்கு. அதே நேரம் அவனைப் பாக்கப் பாவமாவும் இருந்துச்சு. வாசகன் வேணும்னு ஏங்குறது ஒரு வியாதி. வீடு பத்தி எரியுறப்பவும் வெளிச்சம் நல்லாயிருக்குன்னு சொல்ல வைக்கும்.

முதலாளி ரெண்டாம் பதிப்புப் போடலாம்னாரு. எங்ககிட்ட அச்செழுத்து கொஞ்சந்தான். ஒரு வேலை முடிஞ்சதும் கோத்ததைக் கலைச்சுப் பெட்டியில போட்டுடுவோம். கறுப்பையா எழுதின தாளெல்லாம் எப்பவோ அடுப்புக்குப் போயிடுச்சு. அச்சகத்துக்குன்னு எடுத்து வச்ச ஒரு பிரதி மட்டும்தான் மிச்சம். அதைப் பாத்துத்தான் மறுபடி கோக்கணும். மேசையில விரிச்சு வச்சிட்டேன்.

அன்னிக்குத்தான் செவனம்மா வந்தாங்க, தனியா. ஹட்டனுக்குச் சாமான் வாங்க வந்தவங்க, பையோட வாசல்ல நின்னாங்க.

"அண்ணே, அந்தப் புத்தகத்துல எம்புள்ள எந்தப் பக்கத்துல இருக்கா?"

எடுத்துக் காட்டினேன். விரலால தடவிப் பாத்தாங்க. வாசிக்கச் சொன்னாங்க. வாசிச்சேன். அந்தப் பெரியவர் மாதிரி எனக்கு வரல.

"ருசியா இருந்துச்சுன்னா எழுதியிருக்காரு?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு அவசரத்துல நான் உப்புப் போடலண்ணே. சுட்டு வச்ச பிறகுதான் நெனப்பு வந்துச்சு."

அவங்க அந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "இந்த ஒரு தாளை மட்டும் கிழிச்சுத் தாங்க. மத்தது வேணாம்."

கையில அந்த ஒத்தைப் பிரதி. அது போனா ரெண்டாம் பதிப்பு கெடையாது. முதலாளி அடுத்த மேசையில இருக்காரு. அவரைத் திரும்பிப் பாக்கல நான். பாத்தா வேணாம்னு சொல்லிடுவாரோன்னு பயம். தாளைக் கிழிச்சிட்டேன். அப்புறம்தான் உறைச்சுச்சு, அதோட பின்பக்கம் என்னன்னு. எழுத்துத் தெரியாதவங்கதானே, பேசாமக் குடுத்துடலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன். மனசு வரல. ஏற்கெனவே எல்லாரும் அவங்களுக்குச் சொல்லாமத்தான் இம்புட்டும் நடந்துச்சு.

"பின்னாடி கடலுக்கு அந்தாண்டை இருக்கிற அந்தம்மாவைப் பத்தி எழுதினது இருக்கும்மா."

தாளைத் திருப்பிப் பாத்தாங்க. கோவப்படல. மேசையில இருந்த பசைச் சட்டியைப் பாத்தாங்க. "ஒரு வெள்ளைத் தாள் வச்சு ஒட்டிக் குடுங்கண்ணே. அவளைக் கிழிச்சுப் போட எனக்கு மனசு இல்ல. அவ என்ன செஞ்சா எனக்கு? ஆனா எம்புள்ள முதுகுல அவ இருக்க வேணாம்."

நான் தாளைத் தேடுறதுக்குள்ள முதலாளி எந்திரிச்சு வந்தாரு. கல்யாணப் பத்திரிகைக்கு வச்சிருந்த நல்ல தாள்ல ஒன்னை அளவா வெட்டி எங்கிட்ட நீட்டினாரு. ஒட்டினேன். செவனம்மா சுருக்கம் இல்லாமக் கையால நீவினாங்க. ரெண்டாம் பதிப்பைப் பத்தி முதலாளி அப்புறம் வாயே திறக்கல. வாங்கினவங்க யாருகிட்டயாவது ஒரு பிரதி கேட்டு வாங்கியிருக்கலாம். கேக்கல.

மறுவாரம் கறுப்பையா, கோத்தாச்சான்னு கேட்டுக்கிட்டு வந்தான். புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். எந்தத் தாள் இல்லைன்னு அவனே கண்டுபிடிச்சிட்டான்.

"யாருண்ணே?"

"ஒம் பொண்டாட்டி."

"வாசிச்சுக் காட்டினீங்களா?"

"காட்டினேன்."

கிழிஞ்ச ஓரத்தை விரலால தடவினான். அப்புறம் கேட்டான், எல்லாம் போன பிறகு, நாடு போய், வீட்டுல பேச்சும் போன பிறகு, அந்த மனுசன் எங்கிட்ட கேட்டான்:

"நல்லா இருக்குன்னு சொன்னாளாண்ணே?"

நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? நான் உள்ளதைச் சொன்னேன். "அந்த ரொட்டியில உப்பே போடலன்னு சொன்னாங்க."

அவன் புத்தகத்தை மூடி மேசையில வச்சான்.

"ஆமாண்ணே"ன்னான். "உப்பில்லதான். எனக்கு அப்பத் தெரியல."